பிறந்த வீட்டுக் கோடி

“அக்கா, அந்தக் கட்டை அவுத்துட்டு இன்னொரு தடவை கட்டுங்க. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா” என்றார் வெற்றிச்செல்வன்.

ஜெயசுதா அம்மாவின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் போட்ட முடிச்சை விரலால் அழுத்தியபடி நிமிர்ந்தாள். குப்பம்மாள் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. திறந்த வாய் மூடுவதற்குச் சம்மதித்ததே இப்போதுதான்.

“எதுக்கு சார்?”

“உங்க முழங்கை அம்மா முகத்தை மறைச்சிடுச்சு.”

அவள் அவிழ்த்தாள். வாய் மறுபடி திறந்துகொண்டது. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக, சொன்னது போலவே கட்டினாள். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்ததும், “பிரமாதம்” என்றார் அவர். பிறகு நிலைமை நினைவுக்கு வந்து, “சாரி” என்று சேர்த்துக்கொண்டார்.

பதினெட்டு நாட்களாக அவர் இந்த வீட்டில் காத்திருந்தார். ஜவ்வாது மலைச் சரிவில், சாலை முடிந்து மண்தடம் தொடங்குகிற இடத்தில் இருக்கும் நாற்பது வீடுகளில் இது கடைசி வீடு. கேமராவுக்கு நவீன்குமார், ஒலிக்கு வாணியம்பாடிப் பையன் ஒவைஸ், ஒரு கார், ஒரு டிரைவர். குப்பம்மாளுக்கு ஈரல் போய்விட்டது, அதிகமாகப் போனால் இரண்டு வாரம் என்று திருப்பத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி கிடைத்த மறுநாளே குழு மலையேறிவிட்டது. கிழவி நான்கு நாள் அதிகம் எடுத்துக்கொண்டாள். கடைசியில், ஊரில் கரண்ட் போய் கேமரா பேட்டரிகளெல்லாம் காலியாகக் கிடந்த விடியற்காலை நான்கு மணியைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். கரண்ட் ஐந்து மணிக்கு வந்தது. “கடைசி நேரத்துல அம்மா எங்களை ஏமாத்திட்டாங்க” என்று வெற்றிச்செல்வன் சென்னைக்குப் போன் செய்து யாரிடமோ சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே கம்மியது. அந்த வீட்டில் அன்று முதலில் தழுதழுத்த குரல் அதுதான்.

படத்தின் பெயர் ‘கயிற்றின் மறுமுனை’. தொண்ணூறு நிமிட ஆவணப்படம். தூக்குத் தண்டனை கூடாது என்பது பொருள். அதில் அந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. ஆட்சேபணை இருந்திருந்தால் அதையும் படம் எடுத்திருப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் குப்பம்மாளின் ஒரே மகன் குணசீலன், தன் மனைவி ராஜேஸ்வரியையும் நாலு வயது மகள் அன்பரசியையும் காட்டுக் கொட்டாயில் வைத்துக் கொடுவாளால் வெட்டினான். படத்தில் இதற்குப் பதினோரு விநாடி. ஓர் இலை காற்றில் ஆடும், ‘அந்த இரவு’ என்று எழுத்து வரும், இலை நின்றுவிடும். மிச்ச நேரமெல்லாம் குணசீலனின் கவிதைகளுக்கு. சிறையில் அவன் கவிஞனாகிவிட்டிருந்தான். அம்மா நிலாவைக் காட்டிச் சாமைச் சோறு ஊட்டியதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தான். அதை வெற்றிச்செல்வன் கேமராவை ஓடவிட்டு, குப்பம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கிழவி முழுதும் கேட்டாள்.

“நிலாவா? அவன் பொழுது சாஞ்சா தூங்கிடுவான். சாமைச் சோறுன்னா வாயிலயே வெக்க மாட்டான். நெல்லுச் சோறு கேட்டுத் தட்ட விசிறி அடிப்பான்.”

அது படத்தில் இல்லை.

படத்தில் இல்லாதது இன்னொன்றும் உண்டு. ஏழு வருடத்துக்கு முன் கோர்ட்டில் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி குப்பம்மாள்தான். கொட்டாயிலிருந்து அவன் வெளியே வந்ததை அவள் பார்த்திருந்தாள். கையில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். சொன்னாள். வெளியே வந்தது யார் என்று கேட்டார்கள். “எம் பையன்தான். வேற யாரு” என்றாள். அந்த வார்த்தையின் மேல்தான் தூக்குத் தீர்ப்பு நின்றது, மேல்கோர்ட்டிலும் நின்றது. இது தெரிந்த அன்று வெற்றிச்செல்வன் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள், இது கதையோட்டத்தைக் குழப்பும் என்று முடிவு செய்தார். மகனுக்காகக் காத்திருக்கும் தாய் என்பதுதான் சரியாக வரும்.

குப்பம்மாள் காத்திருந்தது உண்மை. ஆனால் மகனுக்காக அல்ல.

செத்துப்போன ராஜேஸ்வரி மருமகள் மட்டுமல்ல, குப்பம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் ஆதிநாராயணனின் ஒரே மகள். கொலை நடந்த நாளிலிருந்து அவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாட்சி சொல்லி முடித்து கோர்ட் வராந்தாவில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் பக்கத்தில் வந்தார். “உன் சாவுக்கு நான் துணி எடுத்துக்கினு வருவேன் குப்பு” என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு ஏழு வருடம் ஒரு வார்த்தை இல்லை.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அவள் மேல் கடைசியாக விழ வேண்டியது பிறந்த வீட்டுக் கோடித் துணி. அது வராமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால், போக்கிடம் இல்லாதவள் போனாள் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெட்டியவனைப் பெற்றவள் என்ற பேரை ஒன்பது வருடம் சுமந்தவளுக்கு அந்த ஒரு துணிதான் மிச்சம். நேற்று இரவும் கண்ணைத் திறக்காமல், “அண்ணன் வந்துட்டாரா” என்று கேட்டாள். ஜெயசுதா, “வர்றாரும்மா” என்றாள்.

விடிந்ததும் அவள் மாமாவுக்குப் போன் செய்திருந்தாள்.

“மாமா, அம்மா போய்ட்டாங்க.”

“அவன் வருவானா?”

“இல்ல மாமா.”

“வர்றேன்.”

அவள் சொன்னது அப்போது பொய்யில்லை.

பத்தரை மணிக்கு வெற்றிச்செல்வன் வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தார். “அக்கா, ஒரு நல்ல செய்தி.”

சாவு வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சென்னையில் அவருடைய வக்கீல் நண்பர் அவசர மனு போட்டுவிட்டார். தாயாருக்கு இறுதிச் சடங்கு செய்யக் குணசீலனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. போலீஸ் காவலோடு இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பான், மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும்.

“கொள்ளி அவர் கையால. அம்மாவோட ஆத்மா…” என்று தொடங்கியவர், நவீன்குமார் இன்னும் கேமராவை எடுக்கவில்லை என்பதைக் கவனித்து, வாக்கியத்தைப் பாதியில் மிச்சம் பிடித்துக்கொண்டார்.

“எங்க மாமா வர்றாரு சார்” என்றாள் ஜெயசுதா. “அவன் இருந்தா அவரு காலெடுத்து வெக்க மாட்டாரு.”

“தெரியும்க்கா. அவர் முன்னாடியே வந்து துணியைப் போட்டுட்டுக் கிளம்பிடட்டும். வயசானவர், எதுக்கு பஸ்ல? நம்ம காரை அனுப்பறேன். கலசப்பாக்கம் முக்கால் மணி நேரம்தானே, பன்னெண்டு மணிக்கு இங்க இருப்பார்.”

ஜெயசுதா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்த நாளில் அவள் செய்தவற்றில், பின்னால் நினைக்கும்போது உடம்பு கூசியது அதற்குத்தான்.

குணசீலனை அழைத்துவர வீட்டாருக்குச் சம்மதமா என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போனில் கேட்டபோது, “எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க” என்றாள். அவனும் கூடப்பிறந்தவன்தானே. அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்று எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தூக்கில் போட்டால் அந்த உடம்பை யார் போய் வாங்குவது என்று படுக்கையில் கணக்குப் பார்த்தவளும் அவள்தான்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. கார் வரவில்லை.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர்களெல்லாம் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் மாலை போட்டபோது நவீன்குமார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் அதே மாலையை எடுத்து இன்னொரு தடவை போட்டார். பங்காளி மகன் அசோக்குமார் கொள்ளிச் சட்டிக்கு வறட்டி உடைத்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் சாந்தம்மாள் உட்கார்ந்து குரலெடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

வெற்றிச்செல்வன் குனிந்து, “எல்லாரும் ஒரே நேரத்துல அழுதா வார்த்தை பதிவாகாதும்மா. ஒவ்வொருத்தரா…” என்றார்.

“ஒருத்தி ஒருத்தியா வந்து அழுவறதுக்கு இது இன்னா ரேசன் கடையா?” என்றாள் சாந்தம்மாள். ஆனாலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களைக் கையமர்த்திவிட்டுத் தனியாக அழுதாள். மெட்டுக் குறையாமல், திருப்பூருக்குப் போன தன் மகன் ஆறு மாதமாகப் போன் பண்ணாததையும் மருமகள் சோற்றில் உப்புப் போடாததையும் சொல்லிச் சொல்லி அழுதாள். வெற்றிச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு அவர் காருக்குக் காத்திராமல் வேறொரு வேலை செய்தார். மூங்கில் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து நவீன்குமாரிடம் கொடுத்தார். உள்ளே செங்கத்தில் வாங்கிய புதுச் சேலை.

“ஸ்டிக்கரைப் பிச்சிடு. கடைப் பேர் ஃப்ரேம்ல வரக் கூடாது.”

“அது இன்னாத்துக்கு சார்?” என்றாள் ஜெயசுதா.

“ஒருவேளை மாமா வரலைன்னா, காட்சிக்கு.”

“வர்றாருன்னீங்க.”

“வருவார்க்கா. சொன்னேன் இல்ல.”

அவள் மாமாவுக்குப் போன் போட்டாள். மலைத் திருப்பங்களில் அவர் போனுக்குச் சிக்னல் எடுக்காது. திரும்பத் திரும்பப் போட்டாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது ஒவைஸ் வந்தான். கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பதினெட்டு நாளில் குப்பம்மாளின் வாயில் கஞ்சி வடிந்தால் துடைத்துவிட்ட ஒரே ஆள் அவன்.

“அக்கா, கார் கீழ டீக்கடையில நிக்குது. பன்னெண்டு மணில இருந்து.”

“ஏன், ரிப்பேரா?”

“இல்லக்கா. சாருதான் டிரைவருக்கு போன் பண்ணாரு. ஜெயில் வேன் மேல போனப்புறம் அதுக்குப் பின்னாலயே வரச் சொல்லிக்கீறாரு.”

“எதுக்கு?”

ஒவைஸ் கல்லைப் பார்த்தான். “ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வேணுமாம்க்கா.”

கல்லின் மேல் அம்மாவின் பழைய உள்பாவாடை ஒன்று நேற்றுத் துவைத்தது காயாமல் கிடந்தது. எடுத்து மடித்தாள்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வேன் வந்தது.

குணசீலன் இறங்கினான். சிறை அவனுக்குத் தொப்பையையும், வெற்றிச்செல்வனுடையது போலவே கத்தரித்த தாடியையும் கொடுத்திருந்தது. இடது கையில் விலங்கு, அதன் மறுபக்கம் ஒரு கான்ஸ்டபிள். எஸ்.ஐ. விலங்கைக் கழற்றச் சாவியை எடுத்தபோது, “சார், இறங்கி வர்ற வரைக்கும் இருக்கட்டும்” என்று வெற்றிச்செல்வன் கேட்டுக்கொண்டார். இருந்தது. குணசீலன் கான்ஸ்டபிளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து பாடையின் காலடியில் விழுந்தான். மேளம் தானாகவே நின்றது.

ஜெயசுதா அதைப் பார்க்கவில்லை. அவள் வேனுக்குப் பின்னால் தெரிந்த காரைப் பார்த்தாள். கார் இருநூறு அடி தள்ளி நின்றது. பின்கதவு திறந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிழவர் இறங்கினார், வேனைப் பார்த்தார், சாலையோர மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஓடாமல் நடந்தே போனாள்.

ஆதிநாராயணன் மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. இரண்டு கைகளும் அதன் மேல்.

“இல்லன்னு சொன்னியே” என்றார்.

“காலைல இல்ல மாமா. அப்பால கோர்ட்ல…”

“படம் புடிக்கறவன் கார் அனுப்பறான்னா நான் யோசிச்சிருக்கணும். டிரைவரு டீ மேல டீயா வாங்கிக் குடுத்தான். நாலு டீ. எனக்கு சக்கரை வேற.”

“நான் குறுக்க நின்னு மறைச்சிக்கறேன் மாமா. துணியப் போட்டுட்டு உடனே போய்டுங்க. அவன் மூஞ்சிய நீங்க பாக்க வேணாம்.”

“அவன் நிக்கற எடத்துல என் கால் படாது. போனப்புறம் வர்றேன்.” அவர் பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு. எங்க குப்பு அவன் வெக்கற நெருப்புல போறான்னா, இத இப்படியே எடுத்துக்கினு நான் பஸ் ஏறிடுவேன்.”

“அவன் ஒரே புள்ள மாமா.”

“எனக்கும் ஒரே புள்ளதான்.”

மேலே வீட்டு வாசலிலிருந்து குணசீலனின் அழுகை இறங்கி வந்தது. நல்ல கணீர்க் குரல். சின்ன வயதில் திருவிழாவில் பாட்டுப் பாடி டம்ளர் வாங்கியவன்.

அவள் திரும்பி நடந்தபோது இரண்டு இருபது.

வாசலில் எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளிச் சட்டியில் வறட்டி புகைந்துகொண்டிருந்தது. குணசீலனுக்கு விலங்கு கழற்றியாகிவிட்டது. அசோக்குமார் சட்டியின் கயிற்றை அவன் கையில் கொடுக்க எழுந்தான். துணி வராமல் தூக்க மாட்டோம் என்று சாந்தம்மாள் முறைத்தாள். அதற்குத்தான் வெற்றிச்செல்வன் கையில் ஸ்டிக்கர் பிய்த்த சேலை தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம்.

“மாமா ஏன்க்கா உள்ள வரலை?”

ஜெயசுதா எஸ்.ஐ.யின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு வெற்றிச்செல்வனைப் பார்த்தாள். முதல் நாளே, ‘என்னைத் தம்பின்னு கூப்பிடுங்க’ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒருதடவையும் கூப்பிட்டதில்லை.

“தம்பி” என்றாள், “குணா வேன்லேர்ந்து எறங்கி ஓடியாந்தப்ப நான் இல்லியே. ஒன்பது வருசம் கழிச்சி வர்றான், கூடப்பிறந்த அக்கா பக்கத்துல இல்லன்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

வெற்றிச்செல்வன் அவளையே பார்த்தார். பதினெட்டு நாளில் முதல்முறையாகத் தன் கலையைப் புரிந்துகொண்ட ஓர் உயிரைச் சந்தித்துவிட்ட பூரிப்பு.

“கரெக்ட்க்கா. நவீன், திரும்ப வேன்லேருந்து.”

எஸ்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரும் ஃப்ரேமில் இருப்பதாக வெற்றிச்செல்வன் சொன்னதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குணசீலனுக்கு மறுபடி விலங்கு மாட்டினார்கள். வேனில் ஏறினான். இறங்கினான். ஓடி வந்தான். ஜெயசுதா எழுந்து இரண்டடி எடுத்து வைத்தாள், அவன் அவள் தோளில் விழுந்தான். சோப்பு வாசனை அடித்தது.

“கட். அருமை” என்றார் வெற்றிச்செல்வன்.

“எனக்கு அழுகையே வரல தம்பி” என்றாள் ஜெயசுதா. “மரம் மாதிரி நின்னுட்டேன். இன்னொரு தபா பாக்கலாமா?”

இரண்டு முப்பது. விலங்கு, வேன், இறக்கம், ஓட்டம். இந்தத் தடவை அவளுக்கு அழுகை வந்தது. அதை நிறுத்த முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“சார், இது யூஸ் ஆகாது” என்றான் ஒவைஸ். அவள் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் கருவியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தான். “காத்து அடிச்சிடுச்சு. ஒரே இரைச்சல்.”

“காத்தே இல்லியே.”

“மைக்குக்குத் தெரியும் சார்.”

நவீன்குமார் கேமராவில் கார்டு மாற்றினான். அந்த இடைவெளியில் குணசீலனும் அவளும் வேனின் படியருகே நின்றார்கள். கான்ஸ்டபிள் நாகரிகமாக வேறுபக்கம் பார்த்தார், விலங்கு நீளம் விட்ட அளவுக்கு.

“அக்கா, இந்தப் படம் டெல்லிக்குப் போவுதாம். அங்க பெரியவங்க பாத்தாங்கன்னா எனக்குக் கயிறு இல்லியாம்.”

“யாரு சொன்னது?”

“சார்தான்.” அவன் தாடியைத் தடவினான். “நெஜமாத்தானேக்கா?”

“அப்ப நல்லா பண்ணு” என்றாள்.

அவன் தலையாட்டினான். பிறகு, அவ்வளவு நேரம் இல்லாத ஒரு குரலில், ரொம்பச் சின்னதாக, “அம்மா என்னப் பத்தி எதனா சொல்லிச்சா?”

“மாமாவ கேட்டுச்சு.”

“வேற?”

“தண்ணி கேட்டுச்சு.”

அவன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அழவில்லை. முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ‘கயிற்றின் மறுமுனை’க்குத் தேவையானதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் இருந்தது. நவீன்குமார் கார்டை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாற்பத்தைந்து. விலங்கு, வேன், இறக்கம், ஓட்டம். எல்லாம் சரியாக வந்தது. வெற்றிச்செல்வன் கட்டை விரலை உயர்த்தினார். அசோக்குமார் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தான். ஜெயசுதாவுக்குச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. ஒவைஸிடமும் இல்லை. குணசீலன் கயிற்றுக்குக் கையை நீட்டினான்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“சார், நான் சரியா விழல. பாதியில கால் மடங்கிச்சு. டெல்லில பாக்கறவங்களுக்கு நடிக்கிற மாதிரி தெரியும். ஒரே ஒரு தபா சார்.”

சட்டி மறுபடி கீழே போயிற்று.

அவன் நாலாவது தடவையாக வேனில் ஏறி இறங்கி ஓடி வந்து விழுந்தபோது, தரையில் நெற்றி மோதி உண்மையாகவே ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வெற்றிச்செல்வன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட் சொல்லாமல், கேமராவை நெருங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நீண்ட நேரம் காட்டிக்கொண்டே இருந்தார்.

“டைம் ஆச்சுங்க” என்றார் எஸ்.ஐ.

“சார், இன்னும் கொள்ளி எடுக்கலை. பத்து நிமிஷம்.”

“மூணு மணின்னு கோர்ட் எழுதிக்குடுத்திருக்கு. லேட்டா போய் நான் பதில் சொல்லணுமா? நாலு தடவ வண்டில ஏறி எறங்கின நேரத்துக்கு ஒரு தடவ சட்டியத் தூக்கியிருக்கலாம்.”

குணசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். இன்னொரு டேக் என்றுதான் நினைத்தான். கான்ஸ்டபிள் வேன் பக்கமாக இழுத்தபோது இயல்பாகவே நாலடி நடந்தான். பிறகு நின்றான். கொள்ளிச் சட்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கடைசியாக அக்காவைப் பார்த்தான்.

ஜெயசுதா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடைக்கட்டின் முடிச்சு நகர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா” என்றான்.

அவள் முடிச்சை இறுக்கினாள்.

ஐந்தாவது தடவையாக அவன் வேனில் ஏறினான். “இது எடு, இது எடு. இதுதான் கிளைமாக்ஸ்” என்று வெற்றிச்செல்வன் நவீன்குமாரின் முதுகைத் தள்ளினார். கம்பி வலைக்குப் பின்னால் முகம், நெற்றியில் ரத்தம், தாய்க்குத் தீ வைக்க விடாத அரசாங்கம். அவர் நினைத்து வந்ததைவிட எவ்வளவோ மேல். வேன் கிளம்பியதும் இருவரும் காரில் தொற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். மதகின் மேல் உட்கார்ந்திருந்த கிழவரை யாரும் கவனிக்கவில்லை. செங்கத்துச் சேலை கூடையின் மேல் கிடந்தது.

ஒவைஸ் போகவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். ஹெட்போனைச் சுருட்டிப் பையில் போட்டான்.

புழுதி அடங்கியபோது ஆதிநாராயணன் ஏறி வந்துகொண்டிருந்தார். பெண்கள் வழி விட்டார்கள். சாந்தம்மாள் குரலெடுத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். யாரும் தடுக்கவில்லை.

அவர் அழவில்லை. தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஏழு வருடத்தில் அது என்னவாகியிருந்தது என்பதை ஒவ்வோர் இடமாகச் சரிபார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மஞ்சள் பையைத் திறந்தார். அந்துருண்டை வாசனை எழுந்தது.

வெள்ளைச் சேலை. கட்டாத புதுச் சேலைதான். ஆனால் மடிப்பு ஓரங்களெல்லாம் பழுப்பேறிக் கோடு கோடாக இருந்தது. விரித்தபோது மடிப்புகள் பிரிய மறுத்து நிமிர்ந்து நின்றன.

ஜெயசுதா நிமிர்ந்து பார்த்தாள்.

“கோர்ட்ல சாட்சி சொன்ன அன்னிக்கே செங்கத்துல எறங்கி எடுத்துட்டேன்” என்றார். “அந்தக் கடை இப்ப இல்ல.”

இருவருமாகப் போர்த்தினார்கள். கால்மாட்டிலிருந்து இழுத்துவிட்டு, மார்பு வரை கொண்டுவந்து, அவர் உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தார். தோளருகே கை நின்றது. முந்தானை ஓரத்தில் கடையின் ஒட்டுக் காகிதம், ஏழு வருடப் பசையோடு நூலுக்குள் இறங்கியிருந்தது.

அவர் நகத்தால் சுரண்டினார். எழுத்து மட்டும் உதிர்ந்தது. காகிதம் வரவில்லை.

பாடை தூக்க நால்வர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அசோக்குமார் சட்டியைத் தூக்கிக்கொண்டான், உள்ளே நெருப்பு சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு திருப்பத்தில் வேனின் ஹாரன் கேட்டது, இன்னும் கீழே இன்னொரு தடவை கேட்டது. கிழவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, குனிந்து, விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தார். நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஜெயசுதா நகர்ந்து உட்கார்ந்து, காகிதத்தின் எதிர் முனையில் தன் நகத்தை வைத்தாள்.